ஊரில் நிற்கும் பழைய கார்: கார்புரேட்டரில் பிசின் படியாமல் இருக்க எந்த வழி நல்லது?

காரைக்குடி வட்டாரத்தில் பழைய கார் வைத்திருக்கும் பலர் அந்தக் கார் நிற்கும் ஊரில் இருப்பதில்லை. வீடு கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ தேவகோட்டையிலோ இருக்கும். ஆள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இருப்பார். ஐயா காலத்து மோரிஸ் மைனர், அப்பச்சி ஓட்டிய அம்பாசிடர் அல்லது ஃபியட், இதில் ஏதோ ஒன்று ஷெட்டில் துணி போர்த்தி நிற்கும். பிள்ளையார் நோன்பு, தை மாதக் கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு) என்று வருஷத்துக்கு மூன்று நாலு தடவைதான் வெளியே வரும்.

வந்த அன்றைக்குப் பெரும்பாலும் ஒரே கதைதான். செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. பிடித்தாலும் சோக்கை (குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிவிடும் இழுப்பு) உள்ளே தள்ளியதும் நின்றுவிடுகிறது. மெக்கானிக் வந்து, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றி, பிசின் அடைத்த ஜெட்டை (பெட்ரோல் போகும் சின்னத் துளை உள்ள திருகு) ஊதி மாட்டுகிறார். அடுத்த தடவை வரும்போது மறுபடியும் அதே வேலை.

இதைத் தடுக்க என்ன செய்யலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்யச் சொல்லலாம், பெட்ரோலை வடித்துவிடலாம், பெட்ரோல் கெடாமல் இருக்க ஸ்டெபிலைசர் ஊற்றலாம், எத்தனால் இல்லாத பெட்ரோல் தேடிப் போடலாம். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் ஒரு வீட்டுக்குச் சரியானது இன்னொரு வீட்டுக்குச் சரிப்படாது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வண்டி ஒரு மாதத்துக்கு மேல் நிற்கப்போகிறது என்றால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நிற்கக் கூடாது. மற்ற வழிகள் இதற்குத் துணை போகலாம், இதற்குப் பதிலாக ஆகாது.

## பிசின் எங்கிருந்து வருகிறது

பெட்ரோல் என்பது ஒரே பொருள் அல்ல. சீக்கிரம் ஆவியாகிற லேசான சரக்கும், மெதுவாகப் போகிற கனமான சரக்கும் சேர்ந்த கலவை. கார்புரேட்டரின் ஃப்ளோட் சேம்பரில் (பெட்ரோல் தங்கும் சின்னக் கிண்ணம்) நிற்கும் பெட்ரோல் அரை டம்ளர்கூட இராது. அந்தச் சேம்பருக்குக் காற்றுத் துளை உண்டு, அது இல்லாமல் கார்புரேட்டர் வேலை செய்யாது. சித்திரை வெயிலில் தகரக் கூரை போட்ட ஷெட்டுக்குள் லேசான சரக்கு அந்தத் துளை வழியே சில வாரங்களில் போய்விடும். மிச்சம் இருப்பது காற்றோடு சேர்ந்து மெல்லக் கெட்டியாகிறது. செம்பும் பித்தளையும் இந்த மாற்றத்தை வேகப்படுத்தும். கார்புரேட்டருக்குள் ஜெட்டுகள் பித்தளை, பழைய வண்டிகளில் பெட்ரோல் குழாயே செம்பு.

நாலு மாதம் நின்ற வண்டியின் சேம்பர் மூடியைக் கழற்றிப் பாருங்கள். அடியில் தேன் நிறத்தில் ஒரு படலம் இருக்கும். விரலால் தொட்டால் பலாப்பழம் நறுக்கின கத்தியில் இருக்கும் பிசின் மாதிரி இழுக்கும். பெட்ரோல் பங்கில் வரும் சுள்ளென்ற மணம் போய், பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்த வாடை வரும். ஒரு தடவை சேம்பர் காய்ந்தால் படிவது கொஞ்சம்தான். ஆனால் ஸ்டார்ட் செய்து சேம்பரை நிரப்பி, மறுபடி காயவிட்டு, மறுபடி நிரப்பினால் ஒவ்வொரு தடவையும் ஒரு படலம் ஏறும்.

முதலில் அடைபடுவது ஐடில் ஜெட், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சினை ஸ்லோவில் ஓட வைக்கும் ஜெட். சோலெக்ஸ் என்ற கம்பெனியின் கார்புரேட்டரில் ஜெட்டின் மேல் பொறித்திருக்கும் எண் அதன் துளையின் அளவு, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கணக்கு. 110 என்றால் 1.10 மில்லிமீட்டர். ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும் மெயின் ஜெட் ஏறத்தாழ அந்த அளவில் இருக்கும். ஐடில் ஜெட் சுமார் அரை மில்லிமீட்டர்தான். அதனால்தான் சோக்கை இழுத்தால் ஓடுகிற வண்டி, தள்ளியதும் ஸ்லோ நிற்காமல் அணைந்துவிடுகிறது.

அடுத்தது எத்தனால். 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2025க்குள் சாதாரண பங்குகளில் கிடைப்பதெல்லாம் அதுவே என்று ஆகிவிட்டது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் அரை டேங்கோடு நிற்கும் வண்டிக்கு இது நல்லதல்ல. ஈரம் அளவுக்கு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். பெட்ரோலை உறிஞ்சும் குழாயும் அடியில்தான் இருக்கிறது. சேம்பருக்குள் இந்த நீர் வந்தால் துத்தநாகக் கலவையில் வார்த்த கார்புரேட்டர் உடம்பில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். பழைய ரப்பர் குழாய், கார்க் கேஸ்கெட், பம்ப் டயாபிரம் (பம்புக்குள் அசையும் மெல்லிய தகடு) எல்லாம் ஊறி உப்பும், அல்லது விரிசல் விடும்.

எல்லாப் பழியையும் எத்தனால் மேல் போடுவது தவறு என்பதையும் சொல்ல வேண்டும். எத்தனால் இல்லாத காலத்திலும் நிறுத்திவைத்த வண்டியில் பிசின் படிந்தது. எத்தனால் கொண்டுவந்தது ஈரமும் அரிப்பும். பிசின் பெட்ரோலோடு கூடப் பிறந்தது.

## முடிவு செய்வதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

முதல் கேள்வி, இரண்டு ஓட்டத்துக்கு நடுவே எத்தனை நாள்? இரண்டு வாரம் வேறு, மூன்று மாதம் வேறு, இரண்டு வருஷம் முற்றிலும் வேறு.

இரண்டாவது, வீட்டில் யார் இருக்கிறார்கள்? செட்டிநாட்டு வீடுகளில் இதுதான் பெரிய கேள்வி. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் வீட்டைத் திறந்து பெருக்கிக் கூட்டி, வளவில் (வீட்டின் நடுப்பகுதி) விளக்கேற்றிவிட்டுப் போவார். அவருக்குக் கியர் போட்டு ஓட்டத் தெரியுமா, லைசென்ஸ் இருக்கிறதா, பெட்ரோல் ஒழுகினால் வாடை பிடித்து நிறுத்தத் தெரியுமா என்பதைப் பொறுத்தே பாதி வழிகள் அடிபட்டுப் போகும்.

மூன்றாவது, எந்த கார்புரேட்டர்? மோரிஸ் மைனரிலும் பழைய அம்பாசிடரிலும் வரும் எஸ்.யூ. என்ற கம்பெனியின் கார்புரேட்டருக்குத் தனி ஐடில் ஜெட் கிடையாது. ஒரே ஜெட், அதற்குள் ஏறி இறங்கும் ஒரு ஊசி. அதனால் ஸ்லோ பிரச்சினை குறைவு. ஆனால் சோக் இழுத்தால் இறங்க வேண்டிய ஜெட்டே பிசினில் இறுகிவிடும், சேம்பர் மேலிருக்கும் நீடில் வால்வும் (சேம்பருக்குள் பெட்ரோல் வருவதைத் திறந்து மூடும் ஊசி) ஒட்டிக்கொள்ளும். ஃபியட், பத்மினி, ஹெரால்டு, பிற்கால அம்பாசிடர் என்று சோலெக்ஸ் உள்ள வண்டிகளில் சின்னச் சின்னத் துளைகள் அதிகம். அவற்றைக் காலி செய்து வைப்பது இன்னும் அவசியம்.

நாலாவது தீ. மரக்கதவும் பர்மா தேக்குத் தூணும் உள்ள வீட்டை ஒட்டி ஷெட் இருக்கிறது. பெட்ரோல் வடிப்பதும் சேர்த்து வைப்பதும் அந்த நினைப்போடுதான் செய்ய வேண்டும்.

## ஷெட்டிலேயே வாராவாரம் ஸ்டார்ட் செய்வது

"அண்ணே, வாரா வாரம் பத்து நிமிஷம் ஓடவிட்டுத்தான் நிறுத்துறேன்" என்று வீட்டுப் பொறுப்பாளர் போனில் சொல்லும்போது நமக்கு நிம்மதியாக இருக்கும். பணமும் அதிகம் ஆகாது. ஆனால் இருக்கிற வழிகளில் எனக்கு உடன்பாடே இல்லாதது இதுதான்.

குளிர்ந்த எஞ்சின் சோக்கில் ஓடும்போது பெட்ரோல் அதிகமாகப் போகும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எஞ்சின் ஆயிலில் கலக்கும். எரிந்ததில் பிறக்கும் நீராவி சைலன்சர் சூடாகும் முன்பே உள்ளேயே தண்ணீராகிவிடும், சைலன்சர் உள்ளிருந்து துருப்பிடிக்கும். ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கும். பத்து நிமிஷ ஸ்லோவில் டைனமோ கொடுக்கும் மின்சாரம், செல்ஃப் எடுத்த மின்சாரத்தை ஈடு செய்யாது. மேலே சொன்ன நிரப்பிக் காயவிடும் சுற்றும் இதில் நடக்கிறது. ஒரு வாரம் தவறினால், ஒரு மாதம் தவறினால், படலம் மேல் படலம்.

இதற்கு ஒரே ஒரு நியாயமான இடம் உண்டு. நாளைக்கு ஓட்டப் போகிற வண்டியை இன்றைக்கே எழுப்பிப் பார்ப்பது. அதை வழக்கமாக வைத்துக்கொள்ளக் கூடாது.

## உண்மையிலேயே ஓட்டுவது

காருக்கு இதைவிட நல்லது எதுவும் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் ரோட்டில் போனால் சேம்பரில் புதுப் பெட்ரோல் ஏறும், எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்து ஆயிலில் இருக்கும் ஈரம் போகும், பேட்டரி ஏறும், பிரேக் இறுகாது, டயர் ஒரே இடத்தில் அமுங்காது. காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி போய்ச் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பினால் சுமார் 25 கிலோமீட்டர். சரியான தூரம் அது.

செலவைப் பார்ப்போம். அம்பாசிடர் லிட்டருக்கு எட்டிலிருந்து பத்து கிலோமீட்டர் கொடுத்தால் ஒரு நடைக்கு மூன்று லிட்டர், நூறு ரூபாய்க் கணக்கில் 300 ரூபாய். மாதம் இரண்டு நடைக்கு 600, அதோடு ஓட்டுகிறவர் சம்பளம். இது கண்ணுக்குத் தெரியும் செலவு.

தெரியாதது வேறு. இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவுப் புதுப்பிப்பு எல்லாம் நடப்பில் இருக்க வேண்டும். வழியில் ஒரு டூவீலர் உரசினால்கூட பேப்பர் இல்லாத வண்டிக்கு நியாயம் பேச முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. 2021 ஜூலையில் வந்த மோட்டார் வாகன விதித் திருத்தப்படி 50 வருஷம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று தனியாகப் பதிந்துகொள்ளலாம். அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, விண்டேஜ் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். அந்த எண் பலகை மேல் ஆசைப்படுகிறவர்கள் இதை யோசித்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

கடைசியாக ஓட்டும் ஆள். பல மாதிரிகளில் கியர் ஸ்டீயரிங் பக்கம் இருக்கிற, பெரும்பாலும் பவர் பிரேக் இல்லாத வண்டி இது. ஏசி கார் ஓட்டிப் பழகின இளைஞர் கையில் கொடுத்தால் கிளச்சும் கியரும்தான் அடிவாங்கும். நம்பிக்கையான ஒருவர் ஊரில் இருந்தால் இந்த வழியை எடுங்கள், வேறு எதையும் தேட வேண்டாம். இல்லையென்றால் அரைகுறையாக இதைச் செய்வதைவிட அடுத்த வழி எவ்வளவோ மேல்.

## சேம்பரைக் காலி செய்து நிறுத்துவது

டேங்குக்கும் பெட்ரோல் பம்புக்கும் நடுவே குழாயில் ஒரு பித்தளை டேப் (பெட்ரோலைத் திருகித் திறந்து மூடும் வால்வு) போட்டுக்கொள்வது. வண்டியை நிறுத்தும் நாளில், எஞ்சின் சூடாக ஸ்லோவில் ஓடிக்கொண்டிருக்கும்போதே டேப்பை மூட வேண்டும். பம்பிலும் சேம்பரிலும் இருப்பது தீரும்வரை எஞ்சின் ஓடும். தடுமாறத் தொடங்கும்போது சோக்கைக் கொஞ்சம் இழுத்தால் இன்னும் சில நொடி ஓடி அணையும். மோரிஸ் மைனரில் இருக்கும் எஸ்.யூ. மின்சாரப் பம்பு என்றால் பம்பு ஒயரைப் பிடுங்கினாலே போதும், டிக் டிக் சத்தம் நின்றதும் சேம்பர் தானாகத் தீரும்.

இதோடு வேலை முடிந்தது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். முடியவில்லை. ஜெட் மட்டத்துக்குக் கீழே ஒரு கரண்டியளவு பெட்ரோல் எப்போதும் மிஞ்சும். எஞ்சினால் அதை உறிஞ்ச முடியாது. காய்ந்து பிசினாகப் போவது அந்தக் கரண்டியளவுதான். எஞ்சின் நன்றாக ஆறியபிறகு, மறுநாள் காலையில், சேம்பர் மூடித் திருகுகளைக் கழற்றி ஊசி போடும் சிரிஞ்சால் அதை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். சேம்பர் அடியில் வடிகால் திருகு உள்ள மாதிரி என்றால் அதைக் கழற்றினால் போதும். பத்து நிமிஷ வேலை. வடித்ததை ஷெட்டுக்குள் வைக்காதீர்கள். உறிஞ்சியதை ஒரு கண்ணாடிக் குப்பியில் விட்டு வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் தண்ணீர் முத்து முத்தாக நின்றால் டேங்கிலும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

செலவு டேப்புக்கும் ஃபிட்டிங்குக்கும் ஒரு தடவை ஆகும் சில நூறு ரூபாய். தண்ணீர்க் குழாய்க்கு மாட்டும் டேப் ஆகாது, அதன் உள் ரப்பர் பெட்ரோலில் கரைந்து, அந்தத் துகளே போய் ஜெட்டை அடைக்கும். பெட்ரோலுக்கென்று செய்த, எத்தனால் தாங்கும் சீல் உள்ளது வேண்டும். டேப்பை எஞ்சின் சூட்டுக்குத் தள்ளி வைத்துக்கொள்வது நல்லது. ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு டேப் மூடியிருப்பது தனிப் பாதுகாப்பும்கூட. ராத்திரியில் குழாய் விட்டுப்போனாலும் டேங்க் காலியாகாது.

மறைந்திருக்கும் குறை என்ன? பெட்ரோலில் ஊறியே பழகின கேஸ்கெட் காய்ந்தால் சுருங்கும். ஆக்சிலரேட்டர் பம்ப் (மிதித்ததும் கூடுதல் பெட்ரோல் பீய்ச்சும் பாகம்) உள்ள கார்புரேட்டரில் அதன் தோல் வாஷரும் டயாபிரமும் விறைக்கும். ஆறு மாதத்துக்குள் இது பெரிதாகத் தெரியாது. வருஷக் கணக்கில் காயவிட்டால் ரிப்பேர் கிட் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம். அப்புறம் டேங்கில் இருக்கும் பெட்ரோலை இந்த வழி காப்பாற்றாது. அதற்கு அடுத்ததைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு இருந்தும் நம் ஊர் நிலைமைக்கு இதையே முதலில் வைப்பேன். ஊருக்கு வந்தவர் கிளம்பும் நாளில் தானே செய்துவிட்டுப் போகலாம். யாரையும் நம்பியிருக்க வேண்டியதில்லை. தவறினால் வரும் நட்டமும் சின்னது.

## ஸ்டெபிலைசர்

பெட்ரோல் காற்றோடு சேர்ந்து கெட்டியாவதைத் தாமதப்படுத்தும் திரவம் இது. வெளிநாட்டுக் கம்பெனிகளின் குப்பிகள் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. ஒரு வருஷம், இரண்டு வருஷம் தாங்கும் என்று குப்பியில் போட்டிருக்கும். அது மூடிய டேங்கில் இருக்கும் புதுப் பெட்ரோலுக்கான கணக்கு.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, இது கெடாமல் தள்ளிப்போடும், கெட்டதைத் திருத்தாது. போன பொங்கலுக்குப் போட்ட பெட்ரோலில் இந்தப் பொங்கலுக்கு ஊற்றிப் பயனில்லை. புதிதாகப் போட்ட அன்றே ஊற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, கலவை கார்புரேட்டர் வரை வந்தபிறகே நிறுத்த வேண்டும். இன்னொன்று, காற்றுத் துளை உள்ள சேம்பரில் ஆவியாவதை இது தடுக்காது. டேங்குக்கு இது நல்ல காவல், கார்புரேட்டருக்கு அரைக் காவல்தான். ஈரம் பிரிவதையும் இதனால் முழுக்க நிறுத்த முடியாது.

சில ஊர்களில் இதற்குப் பதிலாக டூ-டி ஆயிலோ (டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு ஊற்றும் எண்ணெய்) கொஞ்சம் மண்ணெண்ணெயோ ஊற்றும் வழக்கம் இருக்கிறது. வேண்டாம். பெட்ரோல் ஆவியாகிப் போனபின் இந்த எண்ணெய் அங்கேயே தங்கும், பிசினோடு சேர்ந்து இன்னும் கெட்டியாக ஒட்டும்.

## எத்தனால் இல்லாத பெட்ரோல்

100 ஆக்டேன் (அழுத்தத்தில் முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் அளவு) பெட்ரோல் சென்னை போன்ற பெரிய நகரங்களில் சில பங்குகளில் கிடைக்கிறது. இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி 100 மாதிரியானவை எத்தனால் கலக்காதவை என்று வண்டிப் பிரியர்கள் தேடிப் போடுகிறார்கள். விலை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஆக்டேன் கூடுதல் என்பதால் பழைய எஞ்சினுக்குத் தனி லாபம் எதுவும் இல்லை, அவ்வளவு அழுத்தத்தில் அது ஓடுவதில்லை. லாபம் ஈரமும் அரிப்பும் குறைவது மட்டும்தான். ரப்பரும் கார்க்கும் இன்னும் அந்தக் காலத்தவையாகவே இருந்தால் அது சின்ன லாபம் அல்ல.

சிக்கல் ஊர் தூரம். சென்னையிலிருந்து வரும்போது கேனில் பிடித்து டிக்கியில் போட்டுக்கொண்டு வருவது ஆபத்து, அதுவும் 400 கிலோமீட்டர் வெயிலில். பிளாஸ்டிக் கேனில் பங்குக்காரர்களே தர மாட்டார்கள். வண்டியே சென்னையில் நிற்கிறது என்றால் இது யோசிக்க வேண்டிய வழி. கானாடுகாத்தானில் நிற்கிறது என்றால் அந்தப் பணத்தை எத்தனால் தாங்கும் விட்டான் ரகக் குழாய்க்கும் புது டயாபிரத்துக்கும் போடுவது மேல். ஒரு தடவை மாற்றினால் பல வருஷத்துக்கு ஆகும்.

பெட்ரோலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி எத்தனாலைப் பிரித்தெடுக்கும் வீடியோக்கள் சுற்றுகின்றன. தயவுசெய்து செய்யாதீர்கள். திறந்த பாத்திரத்தில் அவ்வளவு பெட்ரோலைக் கையாள்வது வீட்டையே பணயம் வைப்பது. மிஞ்சும் பெட்ரோலில் ஈரமும் இருக்கும், ஆக்டேனும் இறங்கியிருக்கும்.

## டேங்க் வரை மொத்தமாக வடித்துவிடுவது

ஒரு வருஷத்துக்கு மேல் வண்டி எழாது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும். கெட்ட பெட்ரோல் முப்பது நாற்பது லிட்டரை இரண்டு வருஷம் கழித்து என்ன செய்வது என்ற தலைவலி இதில் இல்லை. ஆனால் காலி டேங்க் மழைக் காலத்தில் உள்ளே துருப்பிடிக்கும். அந்தத் துரு தூளாகி நாளைக்கு ஃபில்டரையும் ஜெட்டையும் அடைக்கும். பெட்ரோல் நிறைந்த டேங்கைவிட, வடித்த டேங்கில் நிற்கும் ஆவிதான் தீப்பிடிக்க ஏற்றது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. வடிக்கும் வேலையை வெட்டவெளியில், பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, தெரிந்த மெக்கானிக்கை வைத்துச் செய்யுங்கள். வடித்த பிறகு டேங்கைக் கழற்றி உள்ளே எண்ணெய் பூசி வைக்க முடிந்தால் துரு குறையும். அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால், புதுப் பெட்ரோலை விளிம்பு வரை நிரப்பி ஸ்டெபிலைசர் போட்டு வைப்பதே எளிது. டேங்கில் காற்று குறைந்தால் ஈரமும் குறையும்.

## அடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது

இதையும் ஒரு வழியாகவே கணக்கில் எடுக்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். ஒரு தடவைக் கூலி குறைவு என்பதால் மலிவாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் மெல்லிய உலோகத்தில் வெட்டிய மரை தேயும், கேஸ்கெட் கிழியும். அவசரத்தில் ஜெட்டுக்குள் கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். அப்புறம் அந்த வண்டி பெட்ரோலைக் குடிப்பது நிற்கவே நிற்காது. ஜெட்டைக் கார்ப் கிளீனரில் ஊறவைத்து, காற்றால் ஊதி, வேண்டுமானால் தூண்டில் நைலான் இழையால் நீவ வேண்டும், அவ்வளவுதான். உதிரி பாகம் சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் இன்னும் கிடைக்கிறது. ஆனால் அம்பாசிடர் தயாரிப்பு 2014இல் நின்றுவிட்டது, பத்மினி அதற்கும் முன்பே. நல்ல நிலையில் ஒரு கார்புரேட்டர் கிடைப்பது வருஷத்துக்கு வருஷம் அரிதாகிக்கொண்டு வருகிறது. ஐயா வாங்கிய வண்டியில் அசலாக வந்த கார்புரேட்டர் இன்னும் இருக்கிறது என்றால் அதைத் தேய்த்து அழிப்பதற்கு ஈடு எதுவும் கிடையாது.

## எந்த வீட்டுக்கு எது

| நிலைமை | முதல் வழி | சேர்த்துக்கொள்ள வேண்டியது |
|---|---|---|
| ஊரிலேயே இருக்கிறீர்கள், ஓட்டத் தெரியும் | இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓட்டம் | எத்தனால் தாங்கும் குழாய், ஃபில்டர் |
| இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறீர்கள் | டேப் மூடி, சேம்பரைக் காலி செய்வது | டேங்கில் ஸ்டெபிலைசர் |
| வருஷத்துக்கு ஒரு தடவைதான் | சேம்பர் காலி, டேங்க் விளிம்பு வரை புதுப் பெட்ரோல் | ஸ்டெபிலைசர், கையில் ஒரு ரிப்பேர் கிட் |
| ஒரு வருஷத்துக்கு மேல் எடுக்கப்போவதில்லை என்று உறுதி | மொத்தமாக வடித்தல் | டேங்க் உள்ளே எண்ணெய்ப் பூச்சு |
| கார் சென்னையில், மாதம் ஒரு தடவை ஓட்டம் | எத்தனால் இல்லாத பெட்ரோல் | நிறுத்தும்போது டேப் மூடுவது |

ஐந்திலும் பொதுவான ஒன்று, கண்ணாடி மாதிரித் தெரியும் ஒரு சின்ன ஃபில்டரைப் பம்புக்கு முன்னால் போடுவது. எத்தனால் பழைய டேங்கில் பல வருஷமாக ஒட்டியிருந்த அழுக்கைக் கரைத்துக் கிளப்பிவிடும். முதல் சில டேங்குக்கு அந்த ஃபில்டர் பழுப்பாவதைப் பார்க்கலாம். பழுத்ததும் மாற்றிவிடுங்கள்.

## காலியாக வைத்த வண்டியைத் திரும்ப எடுக்கும் நாள்

சேம்பர் காலியாக இருக்கும் வண்டியில் செல்ஃபைப் பிடித்துச் சுற்றிக்கொண்டே இருந்தால் பெட்ரோல் ஏறும் முன் பேட்டரி இறங்கிவிடும். காலி செய்யும் வழி பிடிக்காமல் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான். மெக்கானிக்கல் பம்பில் கையால் அடிக்கும் சின்ன லீவர் இருக்கும். டேப்பைத் திறந்து அதை இருபது முப்பது தடவை அடியுங்கள். சேம்பர் நிறைந்ததும் லீவர் லேசாகிவிடும். அடிக்கும்போது ஆரம்பத்திலிருந்தே எந்த இழுப்பும் இல்லை என்றால் பம்பு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். உள்ளே பம்பை இயக்கும் கேம் (எஞ்சினோடு சுற்றும் மேடு) பம்பைத் தூக்கிப் பிடித்திருக்கும். ஹேண்டில் போட்டோ, செல்ஃபை ஒரு தட்டுத் தட்டியோ எஞ்சினை அரைச் சுற்றுத் திருப்பினால் லீவர் வேலை செய்யும். லீவர் இல்லாத பம்பு என்றால் சேம்பர் மூடியைத் திறந்து சிரிஞ்சால் புதுப் பெட்ரோல் விட்டு மூடலாம். கார்புரேட்டர் வாயில் நேராகப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே செல்ஃப் அடிக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். ஒரு பேக்ஃபயர் வந்தால் முகத்தில் தீ.

லீவரை அடித்து முடித்ததும் இக்னிஷன் போடுவதற்கு முன் ஐந்து நிமிஷம் பொறுத்து, டார்ச் வைத்து கார்புரேட்டர் அடியைப் பாருங்கள். காய்ந்த நீடில் வால்வு திறந்த நிலையிலேயே ஒட்டியிருந்தால் பெட்ரோல் வழியத் தொடங்கும். மோரிஸ் மைனரிலும் பழைய அம்பாசிடரிலும் கார்புரேட்டருக்கு நேர் கீழே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (எஞ்சினின் சூடான புகை வெளியேறும் குழாய்) இருக்கிறது. சூடான பிறகு அதன் மேல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வழிந்தால் டேப்பை மூடி, சேம்பர் பக்கத்தில் ஸ்க்ரூடிரைவர் பிடியால் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டி, துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். பெரும்பாலும் வால்வு விட்டுவிடும். விடாவிட்டால் அன்றைக்கு ஸ்டார்ட் செய்யாதீர்கள், வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்தபிறகுதான். ஷெட் கதவு இரண்டும் திறந்திருக்கட்டும், தீயணைக்கும் பவுடர் சிலிண்டர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். சிலிண்டரின் காலாவதித் தேதியையும் அன்றே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.